சரக்கு விமானத்தில் பைலட் ஆகணுமா? சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் கூப்பிட்டு, "மாமா, சரக்கு கம்பெனியில் ஆள் எடுக்கிறாங்களாம், போடலாமா?" என்று கேட்டான். கையில் சி.பி.எல். (வணிக பைலட் லைசென்ஸ்) இருக்கிறது, பறந்த மணி கம்மி. நான் பைலட் இல்லை, செப்பாங்கில் விமானங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் டிஸ்பாட்சர். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு கோப்பி குடித்தபடி பைலட்டுகள் புலம்புவதைப் பல வருடம் கேட்டவன் என்பதால், அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம், எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த விமானம் என்று பாருங்கள். நம் மலேசியாவில் மாஸ்கார்கோ ஏ330-200 சரக்கு விமானம் ஓட்டுகிறது, டெலிபோர்ட் ஏ321, சுபாங்கில் இருக்கும் ராயா ஏர்வேஸ் போயிங் 767. இதில் ஏ321-க்கு எடுக்கும் டைப் ரேட்டிங்கும் (அந்த ரக விமானத்தை ஓட்டத் தனியாக வாங்கும் தகுதி) பயணிகள் ஏ320-க்கு எடுப்பதும் ஒன்றுதான், அதனால் நாளைக்குப் பயணிகள் பக்கம் போக நினைத்தாலும் கதவு திறந்தே இருக்கும். ஏ320-இலிருந்து ஏ330-க்கு மாறுவதற்கும் ஏர்பஸ்ஸில் குறுகிய பயிற்சி உண்டு. போயிங் 767 அருமையான விமானம், ஆனால் உலகம் முழுக்க அதைப் பயணிகளுக்கு ஓட்டும் கம்பெனிகள் குறைந்துகொண்டே வருகின்றன. நாற்பது வயதில் எந்த ரேட்டிங்கோடு நிற்பீர்கள் என்பதை இருபத்தைந்து வயதிலேயே யோசிப்பது நல்லது.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் பதிவான விமானத்தை ஓட்ட சி.ஏ.ஏ.எம். (மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம்) லைசென்ஸ் வேண்டும், பிலிப்பைன்ஸிலோ ஆஸ்திரேலியாவிலோ படித்து வந்தவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு ஆகும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், ஆங்கிலத் தகுதி குறைந்தது நான்காம் நிலை. நான்காம் நிலை என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் தேர்வு, ஆறாம் நிலை வாங்கிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. கேப்டன் ஆக ஏ.டி.பி.எல். என்ற மேல்நிலை பைலட் லைசென்ஸ் வேண்டும், அதற்கு மொத்தம் 1500 மணி, அதில் 100 மணி இரவுப் பறத்தல். பயணிகள் பைலட்டுகள் இந்த இரவு மணியை எண்ணிச் சேர்ப்பார்கள், சரக்கில் சேர்ந்தால் முதல் வருடமே அது தானாக நிரம்பிவிடும் (தூக்கம்தான் நிரம்பாது).

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன், சீனியாரிட்டி எண். பெரும்பாலான கம்பெனிகளில் நீங்கள் சேர்ந்த தேதிதான் எல்லாம். பெரிய விமானத்துக்கு மாறுவது, கமாண்ட் (கேப்டன் பதவி) பயிற்சிக்கு அழைப்பு, லீவு, எல்லாவற்றுக்கும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள், கெட்டிக்காரத்தனம் அதற்குப் பிறகுதான். எனக்குத் தெரிந்த ஒருவர், மருத்துவக் காகிதம் பத்து நாள் தாமதமானதால் அடுத்த பேட்ச்சில் சேர்ந்தார். அந்தப் பத்து நாள் அவருக்குக் கமாண்டில் இரண்டு வருடத் தாமதமானது, ஏனென்றால் அவருக்கு முந்திய பேட்ச்சோடு கம்பெனி புது விமானம் எடுப்பதை நிறுத்திவிட்டது. அதனால் விளம்பரம் வரும்போது ஓடாமல், வருவதற்கு முன்பே மருத்துவச் சான்று, லாக்புக் (பறந்த மணிப் பதிவேடு) கூட்டல், கடப்பிதழ், எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தயாராக வையுங்கள். லாக்புக்கில் கடைசி 12 மாத மணியைத் தனியாகக் கூட்டி எழுதுங்கள், முதலில் கேட்பது அதைத்தான்.

நேர்முகத்தில் நீங்களும் கேளுங்கள். இப்போது எத்தனை ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை பைலட்), எத்தனை கேப்டன்? கேப்டன்களில் எத்தனை பேர் 60 தாண்டியவர்கள்? பன்னாட்டு விதிப்படி இரண்டு பைலட் விமானத்தில் 65 வரைதான் ஓட்ட முடியும், ஆக அறுபது தாண்டியவர்கள் நிறைய இருந்தால் உங்களுக்கு இடம் காலியாகும் வேகம் தெரிந்துவிடும். விமானம் சொந்தமா, குத்தகையா? குத்தகை முடியும் வருடம் எது? கொஞ்சம் சங்கடமாக இருக்கும், சரி, கேட்டுவிடுங்கள். நல்ல கம்பெனி பதில் சொல்லும்.

பாண்டு ஒப்பந்தத்தை இரண்டு முறை படியுங்கள். டைப் ரேட்டிங் செலவை அவர்கள் ஏற்று, சில வருடம் இருக்க வேண்டும் என்று கட்டுவது சகஜம், தப்பும் இல்லை. ஆனால் காலம் எப்போது தொடங்குகிறது, சேர்ந்த நாளிலா அல்லது லைன் செக் (நிஜப் பயணத்தில் வைக்கும் சோதனை) முடிந்த நாளிலா? மாதாமாதம் தொகை குறைகிறதா, அல்லது கடைசி மாதத்தில் விலகினாலும் முழுத் தொகையா? பணத்தை முதலில் நீ கட்டு, வேலை தருகிறோம் என்பவர்களிடம் போகவே வேண்டாம். அப்பாவின் இ.பி.எஃப். (ஓய்வுக்கால சேமநிதி) பணத்தை அப்படிக் கொடுத்துவிட்டு ரேட்டிங்கோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையனை நான் பார்த்திருக்கிறேன்.

தொழில்நுட்பக் கேள்விகளில் பயணிகள் விமானப் பாடத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். சரக்கு என்றால் ஆபத்தான பொருட்கள் பற்றிக் கேட்பார்கள். பினாங்கின் பாயான் லெப்பாஸ் மாதிரி மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது புரியும், மின்னணுச் சாமான் இருக்கும் இடத்தில் லித்தியம் பேட்டரியும் இருக்கும். தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரி 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் தடை, சரக்கு விமானத்திலும் 30 சதவீதச் சார்ஜுக்கு மேல் இருக்கக்கூடாது. இந்த விதியை நோக்கித் தள்ளியவற்றில் ஒன்று 2010 செப்டம்பர் 3-இல் துபாயில் விழுந்த யு.பி.எஸ். 747, பேட்டரி ஏற்றிய சரக்கில் தீப்பிடித்து இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். மேல்தளச் சரக்குப் பகுதியில் தீ வந்தால் என்ன செய்வீர்கள் என்பது கட்டாயக் கேள்வி. அங்கே பொதுவாகத் தீயணைப்பு வாயு கிடையாது, ஆக்சிஜன் முகமூடியைப் போட்டு, அழுத்தத்தை வெளியேற்றி, காற்றைக் குறைத்துத்தான் தீயை அடக்கப் பார்ப்பார்கள். கேப்டனுக்குத் தரப்படும் ஆபத்துச் சரக்குப் பட்டியலை, நாங்கள் நோட்டாக் என்போம், வாசிக்கத் தெரிந்தால் உங்கள் மதிப்பு கூடும்.

சேர்ந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர், வருடத்துக்கு ஒருமுறை லைன் செக். தேறினால் போதும் என்று இல்லாமல், பயிற்சி பைலட், பிறகு எக்ஸாமினர் என்ற பாதையைப் பார்த்து வையுங்கள், சீனியாரிட்டி எண் மட்டுமே முடிவு செய்யாத இடம் அது ஒன்றுதான். சபா, சரவாக் மாதிரிக் குறுகிய பயணங்களில் மணி மெதுவாக ஏறும், ஆனால் தரையிறக்கம் நிறையக் கிடைக்கும். நீண்ட பயணத்தில் மணி மளமளவென ஏறும், தரையிறக்கம் மாதத்துக்குச் சில. கமாண்டுக்குப் போகும்போது முதல் வகை அனுபவமே கைகொடுக்கும் என்பது என் கட்சி.

உடம்பைப் பற்றி ஒன்று. அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை உடல் அடியோடு சோர்ந்துவிடும், வேலை நேரமோ சரியாக அதுதான், ஏனென்றால் தொழிற்சாலை சாயங்காலம் மூடிய பிறகுதான் லாரி கிளம்பும். அறைக்குக் கறுப்புத் திரை வாங்குங்கள், பகலில் கூப்பிடாதே என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

என் மருமகன் கடைசியாகக் கேட்டது, "தீபாவளிக்கு லீவு கிடைக்குமா?" புது ஆளுக்குக் கஷ்டம்தான். ஆனால் நம் ஊரில் ஒரு வசதி, ஹரி ராயா பெருநாளுக்கு மலாய்க்கார நண்பருக்காக நீங்கள் பறந்தால் தீபாவளிக்கு அவர் உங்களுக்காகப் பறப்பார். சீனப் புத்தாண்டை மட்டும் நம்பாதீர்கள், அதற்கு முந்திய இரண்டு வாரம் சரக்கு குவியும், அப்போது யாருக்கும் லீவு கிடையாது.