கல்லூரி ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் வரலாற்றை வாசிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் சாம்பியன்களின் பட்டியலைத் திறந்து, எந்தப் பல்கலைக்கழகம் எத்தனை பட்டங்களை வென்றது என்று எண்ணத் தொடங்குகின்றனர். எண்ணிக்கை தேவைதான். ஆனால் 1950-களில் வென்ற பட்டமும் இன்று வெல்லும் பட்டமும் ஒரே பாதையில் கிடைத்தவை அல்ல என்பதால், பட்டங்களை அப்படியே கூட்டிப் பார்த்தால் தவறான முடிவுக்கே வருவோம். ஒவ்வோர் ஆண்டின் சாம்பியனுக்கு எதிரிலும், அவ்வாண்டில் எத்தனை அணிகள் மோதின, எங்கே மோதின, எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டன என்ற விவரங்களைக் குறித்துக்கொண்டு வாசிப்பதே சரியான முறை.

தொடக்கப் புள்ளி 1948. கல்லூரிகள் 1890-களிலிருந்தே இந்த ஆட்டத்தை ஆடிவந்தபோதிலும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தேசியப் போட்டி அவ்வாண்டில்தான் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் பிராட்மூர் அரங்கில் முதன்முதலாக நடைபெற்றது. கிழக்கிலிருந்து டார்ட்மத், பாஸ்டன் கல்லூரி ஆகிய இரண்டும், மேற்கிலிருந்து மிச்சிகன், கொலராடோ கல்லூரி ஆகிய இரண்டுமாக நான்கே அணிகள் அழைக்கப்பட்டன. இறுதியாட்டத்தில் மிச்சிகன் 8-4 என்ற கோல் கணக்கில் டார்ட்மத்தை வென்றது. முதல் பத்து ஆண்டுகளும் போட்டி அதே அரங்கிலேயே நடந்தது என்பதை மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். அது கொலராடோ கல்லூரியின் சொந்தக் களம். அக்கல்லூரி 1950-இலும் 1957-இலும் வென்ற இரண்டு பட்டங்களும் அங்கேயே கிடைத்தன. இடத்தைக் குறிக்காத பட்டியலில் இந்தச் செய்தி தென்படவே தென்படாது.

அடுத்து, அணிகளின் எண்ணிக்கை மாறிய ஆண்டுகளில் பட்டியலில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். 1976 வரை நான்கு அணிகள். பின்னர் சில ஆண்டுகள் ஓரிரு அணிகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. 1981-இல் எட்டு, 1988-இல் பன்னிரண்டு, 2003-இலிருந்து பதினாறு. நான்கு அணிகள் இருந்த காலத்தில் இரண்டு ஆட்டங்களை வென்றவர் சாம்பியன். இன்றோ தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வெல்ல வேண்டும். ஓர் ஆட்டத்தில் சறுக்கினாலும் அந்தப் பருவமே முடிந்துவிடும். மிச்சிகன் பெற்ற 9 பட்டங்களில் ஆறு, பயிற்சியாளர் விக் ஹேலிகரின் கீழ் 1948-க்கும் 1956-க்கும் இடையே வந்தவை. டென்வர் 2024-இல் தன் 10-ஆவது பட்டத்தை வென்றது. அவற்றில் ஐந்து 2004-க்கும் 2024-க்கும் இடையே கிடைத்தவை. இந்த இரண்டு சாதனைகளையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பன்னிரண்டும் பதினாறும் அணிகள் மோதிய காலத்தில் மீண்டும் மீண்டும் வெல்வது கூடுதல் கடினமானது என்பதே என் கருத்து.

கோடு கிழித்தபின், ஒவ்வொரு சாம்பியனையும் கிழக்கு, மேற்கு என்று பிரித்துப் பாருங்கள். 1948 முதல் 1966 வரையிலான 19 போட்டிகளில் கிழக்கு அணிகள் வென்றவை இரண்டே: 1949-இல் பாஸ்டன் கல்லூரி, 1954-இல் ஆர்.பி.ஐ. எனப்படும் ரென்சிலர் பாலிடெக்னிக் கல்வி நிறுவனம். இதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று, மேற்கு அணிகள் பல கனடிய வீரர்களைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டதாகும். கல்லூரி மாணவருக்குரிய வயதைக் கடந்த கனடியர்களைச் சேர்ப்பது முறையா என்ற சர்ச்சை முற்றி, 1958-இல் மேற்கு அணிகளின் லீக்கே கலைந்துபோனது. 1967-இல் நெட் ஹார்க்னஸ் பயிற்சியளித்த கார்னெல், கென் டிரைடன் கோல் காக்க, பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4-1 என்று வென்றது. கிழக்கின் நீண்ட வறட்சி அத்துடன் நீங்கியது.

எண்களோடு நின்றுவிடாமல், சில இறுதியாட்டங்களையாவது நிமிடம் நிமிடமாகப் படிக்க வேண்டும். 1984-இல் லேக் பிளாசிட்டில் நடந்த ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். மின்னசோட்டா டுலூத் முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடியச் சுமார் இரண்டு நிமிடங்களே எஞ்சியிருந்தபோது, பௌலிங் கிரீன் வீரர் அடித்துவிட்ட பக் (பந்துக்குப் பதிலாகப் பயன்படும் தட்டையான வட்டு) களத்தின் ஓரத் தடுப்பில் பட்டு எதிர்பாராத விதமாகத் திரும்பி, கோல் கீப்பர் விட்டு விலகியிருந்த வலையின் முன்னே வந்து நின்றது. அதைக் கோலாக்கிச் சமன்செய்த பௌலிங் கிரீன், நான்காவது கூடுதல் நேரத்தில் ஜினோ கவலினி அடித்த கோலால் 5-4 என்று வென்றது. மொத்த ஆட்ட நேரம் 97 நிமிடங்களுக்கும் மேல். இதற்கு நேர்மாறாக, 2023-இல் குவினிப்பியாக் கூடுதல் நேரம் தொடங்கிய பத்தே விநாடிகளில் மின்னசோட்டாவை (இது டுலூத் அன்று, வேறு பல்கலைக்கழகம்) 3-2 என்று வீழ்த்தியது.

பழைய செய்தித்தாள்களில் தேடுவோர் கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டத்தைக் குறிக்கும் ‘ஃப்ரோசன் ஃபோர்’ என்ற பெயர் 1999-இலிருந்தே அதிகாரபூர்வமாக வழங்குகிறது என்பதை நினைவில் கொள்க. 1973-இல் இரண்டாமிடம் பெற்ற டென்வரின் பங்கேற்பு பின்னர் ரத்துசெய்யப்பட்டதால், பட்டியல்களில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு இருக்கும். 2020-இல் கொரோனாவால் போட்டி நடைபெறவில்லை.

பெண்கள் போட்டிக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கும் இதே கவனத்தைத் தர வேண்டும். என்.சி.ஏ.ஏ. அதை 2001-இல் தொடங்கியது. முதல் மூன்று பட்டங்களையும் மின்னசோட்டா டுலூத் வென்றது. ஆனால் 1998 முதல் 2000 வரை வேறோர் அமைப்பு நடத்திய தேசியப் போட்டிகளில் நியூ ஹாம்ப்ஷயர், ஹார்வர்டு, மின்னசோட்டா ஆகியவை வென்றிருந்தன. ஆகவே மின்னசோட்டாவின் பட்டங்கள் ஆறா, ஏழா என்று குழப்பம் வந்தால், 2000-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தோல்வியே காணாத பருவங்களை ஒப்பிடும்போதும் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைக்க வேண்டும்: ஆண்களில் கார்னெல் 1970-இல் ஆடிய 29 ஆட்டங்களையும் வென்று, நான்கு அணிப் போட்டியில் பட்டம் பெற்றது, பெண்களில் மின்னசோட்டா 2013-இல் ஆடிய 41 ஆட்டங்களையும் வென்று, எட்டு அணிப் போட்டியில் பட்டம் பெற்றது.