எய்தவன் யாரு, அம்பு யாரு: அரசு ஆபீஸ் மேல கோவம் வந்தா அதை எங்க காட்டணும்னு கண்டுபிடிக்கிறது எப்படி

அரசு ஆபீஸுக்கு போய்ட்டு வந்த யாரையாவது பிடிச்சு எப்படி இருந்துச்சுன்னு கேட்டு பாருங்க, திட்டாம ஆரம்பிக்க மாட்டாங்க. நானும் திட்டுவேன், நல்லாவே திட்டுவேன். ஆனா நான் திட்டினதுல பாதி தப்பான ஆளுக்கு போயிருக்குன்னு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது. கவுன்டர்ல உக்காந்திருக்கறவர்ட்ட கத்திட்டு வந்துருவோம், ஆனா அந்த விஷயத்துல அவர் கைல ஒண்ணுமே இருக்காது, யார் கைல இருக்கோ அவங்க பேரு கூட நமக்கு தெரியாது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சும்மாவா சொன்னாங்க. அதனால கோவப்படாதீங்கன்னு நான் சொல்லப்போறதில்ல, கோவத்தை எந்த டேபிளுக்கு அனுப்பணும்னு கண்டுபிடிக்க நான் பழகின வழியைத்தான் எழுதறேன்.

முதல்ல இந்த அரசு ஆபீஸுங்கற மெஷின் என்ன வேலை செய்யுதுன்னு தெரியணும், ஏன்னா ஒழுங்கா ஓடும்போது அது யார் கண்ணுக்கும் படறதே இல்ல. பெல்ஜியத்துல 2010 ஜூன்ல தேர்தல் நடந்துச்சு, கட்சிகளுக்குள்ள பேசி முடிச்சு புது அரசு அமைய 2011 டிசம்பர் ஆயிடுச்சு, மொத்தம் 541 நாள். பழைய அமைச்சரவை ஒப்புக்கு காபந்து அரசா உக்காந்திருந்துச்சு, பெரிய முடிவு எதையும் எடுக்க முடியாது. ஆனா பென்ஷன் வந்துச்சு, ஸ்கூல் நடந்துச்சு, ரயில் ஓடுச்சு, அந்த நேரத்துல ஐரோப்பிய யூனியன் கவுன்சில் தலைமைப் பொறுப்பு கூட ஆறு மாசம் அவங்ககிட்டதான் இருந்துச்சு, அதையும் சமாளிச்சிட்டாங்க. மந்திரி மாறுவாங்க, ஆட்சி மாறும், நேத்து யாருக்கு என்ன குடுத்தோம்னு ஞாபகம் வெச்சிருக்கறது இந்த ஆபீஸுங்கதான்.

அப்புறம் ஏன் இவ்ளோ கெட்ட பேரு? பேரு வெக்கும்போதே கேலியாத்தான் வெச்சாங்க. 18ஆம் நூற்றாண்டுல குர்னேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார், வியாபாரிங்க மேல அரசு போடற கட்டுப்பாடு எல்லாம் பாத்து வெறுத்துப்போய், மன்னராட்சி மக்களாட்சி மாதிரி இது மேஜை ஆட்சின்னு நக்கலா சொன்னார், அதுதான் பியூராக்ரசி. பியூரோன்னா மேஜை, அதுக்கும் முன்னாடி மேஜை மேல விரிக்கற முரட்டுத் துணிக்கு அந்த பேரு. நூத்தம்பது வருஷம் கழிச்சு மாக்ஸ் வேபர்னு ஜெர்மன் சமூகவியல் ஆள் வந்து இதை சீரியஸா எடுத்து பேசினார். எழுதி வெச்ச விதி, தகுதி பாத்து வேலை, எல்லாத்துக்கும் ஃபைல், முக்கியமா கோவமும் இல்லாம பாசமும் இல்லாம முடிவு எடுக்கறது, இதெல்லாம்தான் இதோட பலம்னார். நாம எதை "மூஞ்சியில உயிரே இல்ல"ன்னு திட்டறோமோ அதைத்தான் அவர் பலம்னு சொல்றார். ஆனா இதே ஒரு நாள் மனுஷனை இரும்புக் கூண்டுல மாட்டி விட்ரும்னும் அவரே பயந்தார்.

பாசம் பாத்து வேலை குடுத்தா என்ன ஆகும்னு அமெரிக்காக்காரங்க பட்டு தெரிஞ்சுக்கிட்டாங்க. அங்க 19ஆம் நூற்றாண்டுல ஜெயிச்ச கட்சி தன் ஆளுங்களுக்கு அரசு வேலையை அள்ளிக் குடுக்கும். கிட்டோன்னு ஒருத்தன், ஜனாதிபதி கார்ஃபீல்டை நான்தான் ஜெயிக்க வெச்சேன், எனக்கு பாரிஸ்ல தூதரக வேலை வேணும்னு அலைஞ்சு அலைஞ்சு, கிடைக்கலன்னதும் 1881 ஜூலையில ரயில்வே ஸ்டேஷன்ல வெச்சு ஜனாதிபதியை சுட்டுட்டான், செப்டம்பர்ல அவர் இறந்துட்டார். 1883ல பெண்டில்டன் சட்டம் வந்துச்சு, பரீட்சை எழுதி வேலைக்கு வா, கட்சிக்கு காசு குடுக்கலன்னு யாரையும் வேலையை விட்டு தூக்கக் கூடாதுன்னு. ஆரம்பத்துல பத்துல ஒரு பங்கு வேலைக்குத்தான் அது பொருந்துச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பரவுச்சு.

சரி, இப்ப வழிக்கு வருவோம். உங்க வேலை நின்னு போச்சுன்னா காரணம் நாலு இடத்துல ஒரு இடத்துல இருக்கும்: விதி, ஆள், ஆள் பத்தாக்குறை, இல்லன்னா மேலிடம். எதுன்னு தெரியாம வாயைத் திறக்காதீங்க.

விதியான்னு பாக்க ஈஸியான டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அதே கேள்வியை வேற ஒரு நாள், வேற ஒரு கவுன்டர்ல, வேற ஒருத்தர்ட்ட கேளுங்க. எல்லாரும் ஒரே பதிலை ஒரே மாதிரி சலிப்போட சொன்னா அது விதி. அப்ப "ஏன் சார் இப்படி பண்றீங்க"ன்னு கேக்கறது வேஸ்ட், "இது எந்த விதியில வருது, அதுல விலக்கு குடுக்கற அதிகாரம் யாருக்கு இருக்கு"ன்னு கேளுங்க. இந்த ரெண்டாவது பாதியை யாருமே கேக்கறதில்ல, ஆனா அதுதான் சாவி. பெரும்பாலான விதியில "ஆனால்"னு ஒரு வரி கீழ ஒளிஞ்சிருக்கும்.

விதியை முட்டாள்தனம்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி அது எந்த காயத்தோட தழும்புன்னும் ஒரு நிமிஷம் யோசிங்க. சீனாவுல சாங் வம்ச காலம், ஆயிரம் வருஷம் முன்னாடி, அரசு வேலைக்கு பரீட்சை. எழுதினவன் பேரு மேல தாள் ஒட்டி மறைப்பாங்க. அதோட விடல, குமாஸ்தாக்கள் உக்காந்து ஒவ்வொரு விடைத்தாளையும் முழுசா வேற கையெழுத்துல காப்பி எடுப்பாங்க, அந்த காப்பிதான் திருத்தறவர் கைக்கு போகும். வெளிய இருந்து பாத்தா எவ்ளோ வெட்டி வேலை! ஆனா தெரிஞ்ச வீட்டுப் பையன் கையெழுத்தை அடையாளம் கண்டு மார்க் போட்ட கதை முன்னாடி நடந்திருந்தாத்தானே இப்படி ஒரு விதி வரும். நம்ம உயிரை எடுக்கற ஒவ்வொரு கையெழுத்துக்குப் பின்னாடியும் என்னைக்கோ எவனோ பண்ணின தில்லுமுல்லு ஒண்ணு இருக்க நிறைய சான்ஸ் இருக்கு. சில விதிக்கு அந்த காரணம் செத்துப்போயும் விதி மட்டும் உயிரோட இருக்கும், அதுக்குத்தான் விளக்கம் கேக்கணும்.

எனக்கு நடந்ததை சொல்றேன். ஒரு சான்றிதழ் வாங்கணும், என் பேர்ல ஒரு பேப்பர்ல ஒரு எழுத்து கூட, இன்னொண்ணுல குறைவு. மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க, மூணாவது தடவை நான் குரலை உசத்திட்டேன். அந்த அம்மா ஒண்ணும் பேசல, மானிட்டரை மெதுவா என் பக்கம் திருப்பினாங்க. பேரு போடற இடத்துல சிவப்பா ஒரு கட்டம், அதுக்கு கீழ இருக்கற பட்டன் சாம்பல் கலர்ல செத்து கிடக்கு, மௌஸ வெச்சு ரெண்டு தடவை அமுக்கி காட்டினாங்க, ஒண்ணும் நகரல. "நான் நம்பறேங்க, இது நம்ப மாட்டேங்குது"ன்னாங்க. பழைய விதின்னா பேனாவால பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி தாண்டிடலாம், சாஃப்ட்வேர்ல ஏத்தின விதிக்கு ஓரத்துல எழுத இடமே கிடையாது. கம்ப்யூட்டர் வந்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்களை பாத்தா அந்த சிவப்பு கட்டம்தான் ஞாபகம் வருது. எஸ்டோனியா மாதிரி செஞ்சா அது வேற கதை, அங்க ஒரு தகவலை அரசு உங்ககிட்ட ஒரு தடவைதான் கேக்கணும், அப்புறம் துறைங்க அவங்களுக்குள்ள வாங்கிக்கணும், அதுக்கான இணைப்பை 2001லயே போட்டுட்டாங்க. அவங்க முறையையே மாத்தினாங்க, மத்த நிறைய இடத்துல பழைய ஃபாரத்தை அப்படியே ஸ்க்ரீன்ல ஒட்டி வெச்சிருக்காங்க.

அடுத்தது ஆள். கவுன்டர் மாறினா பதிலும் மாறுதுன்னா விதியில இடைவெளி இருக்கு, அந்த இடைவெளியில ஒரு மனுஷர் உக்காந்திருக்கார். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமேங்கற நம்ம பழமொழியைத்தான் மைக்கேல் லிப்ஸ்கின்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் பெரிய ஆராய்ச்சியா எழுதினார்: போலீஸ்காரர், வாத்தியார், நலத்துறை ஊழியர் இவங்க களத்துல எடுக்கற சின்ன சின்ன முடிவுதான் கடைசில ஜனங்களுக்கு அரசோட கொள்கையா போய் சேருதுன்னு. இந்த இடத்துல மரியாதை வேலை செய்யும், தயாரா போறது அதை விட நல்லா வேலை செய்யும். கேட்ட பேப்பர் வரிசையா, மேல தேதி போட்ட ஒரு பக்க சுருக்கம். அவர் முடிவு எடுக்க பயப்படறார்னா அந்த பயத்தை நீங்க குறைக்கணும், ஏன்னா சரியா செஞ்சா யாரும் பாராட்ட மாட்டாங்க, தப்பா போனா விசாரணை வரும், இந்த கணக்குல யார்தான் ரிஸ்க் எடுப்பா. "இதே மாதிரி கேஸ்ல முன்னாடி குடுத்திருக்காங்க"ன்னு ஒரு பழைய உத்தரவோட காப்பி கைல இருந்தா அது ஆயிரம் கெஞ்சலுக்கு சமம். காசு கேட்டா மட்டும் மரியாதை எல்லாம் அவசியமில்ல, அது இடைவெளி இல்ல, குற்றம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டு ஊழல் விசாரிக்கற அமைப்புக்கு போங்க.

ஆள் பத்தாக்குறையை பத்தி ரொம்ப இழுக்கல. எல்லாருக்குமே லேட் ஆகுதுன்னா, கவுன்டர் நாலு இருந்து ஒண்ணுதான் திறந்திருக்குன்னா, அங்க சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, அது பட்ஜெட் போடறவங்க பிரச்சனை. ஆனா ஆள் சேத்தா சரியாயிடும்னும் நினைக்காதீங்க. பார்க்கின்சன்னு ஒரு பிரிட்டிஷ் வரலாற்று ஆசிரியர் 1955ல அவங்க கடற்படை கணக்கை எடுத்து காட்டினார், 1914ல இருந்து 1928க்குள்ள பெரிய போர்க்கப்பல் 62ல இருந்து 20 ஆயிடுச்சு, தலைமை ஆபீஸ் அதிகாரிங்க மட்டும் 2000ல இருந்து 3569 ஆயிட்டாங்க! அதனால எத்தனை பேர் இருக்காங்கன்னு கேக்கறதை விட எந்த டேபிள்ல இருக்காங்கன்னு கேக்கறதுதான் சரி.

கடைசி இடம் மேலிடம், இதை கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம், ஏன்னா பாக்க அப்படியே விதி மாதிரியே இருக்கும். ஒரு மாதிரி ஆளுங்க மேல மட்டும் திரும்ப திரும்ப இடி விழுதான்னு பாருங்க. நெதர்லாந்துல குழந்தை பராமரிப்பு உதவித்தொகை வாங்கின பல ஆயிரம் குடும்பத்தை வரித்துறை மோசடிக்காரங்கன்னு முத்திரை குத்துச்சு. கையெழுத்து ஒண்ணு விட்டுப்போன மாதிரி சின்ன தப்புக்கெல்லாம் வாங்கின மொத்த பணத்தையும் திருப்பி கட்டுன்னாங்க, வீடு போச்சு, குடும்பம் பிரிஞ்சுது, வெளிநாட்டு பின்னணி உள்ளவங்க அதுல அதிகமா மாட்டினாங்க. ஒவ்வொரு ஊழியரும் விதிப்படிதான் நடந்தேன்னு சொல்லலாம், அதுல பொய்யும் இல்ல. கடுமையா இருங்கன்னு சட்டம் போட்டது நாடாளுமன்றம், அழுத்தம் குடுத்தது அரசியல். 2021 ஜனவரியில அமைச்சரவையே ராஜினாமா பண்ணுச்சு. இந்த மாதிரி விஷயத்துல கவுன்டர்ல பேசி பலன் கிடையாது, கோர்ட்டு, எம்பி, பத்திரிகை, உங்களை மாதிரியே பாதிக்கப்பட்ட இன்னும் பத்து பேரு, இதுதான் வழி.

எந்த இடமா இருந்தாலும் ஒரு பழக்கம் மட்டும் விடாதீங்க: வாயால கேட்டதை அன்னைக்கே எழுத்துல குடுத்து, ஒரு காப்பில சீலும் தேதியும் வாங்கிடுங்க. இந்த மெஷினுக்கு காது கிடையாது, கண்ணு மட்டும்தான், பேப்பர்ல இல்லாதது நடக்கவே இல்லன்னு அர்த்தம். அரசு ஆவணத்தை ஜனங்க கேட்டு பாக்கலாம்னு ஸ்வீடன் 1766லயே சட்டம் போட்டுடுச்சு, இன்னைக்கு 100க்கு மேல நாட்டுல அந்த மாதிரி சட்டம் இருக்கு, உங்க நாட்டுல இருந்தா "என் மனு எந்த தேதியில எந்த டேபிளுக்கு போச்சு, அதுல யார் என்ன குறிப்பு எழுதினாங்க"ன்னு மட்டும் கேளுங்க. வேற ஒண்ணும் வேணாம், இந்த கேள்வி போன உடனே ஃபைல் நடக்க ஆரம்பிக்கும். பதில் சொல்ல கெடு எத்தனை நாள்னும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பிரான்ஸ்ல 2014ல இருந்து நிறைய விஷயத்துல ரெண்டு மாசம் பதில் வரலன்னா சம்மதம்னு அர்த்தம் (விதிவிலக்கு லிஸ்ட்டும் நீளம்தான், அதையும் ஒரு ஆபீஸ்தானே எழுதியிருக்கும்).

மொத்தமா எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டா சரியாயிடும்னு சொல்ற ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. ஈராக்ல 2003 மே மாசம் அமெரிக்க நிர்வாகம் சதாம் உசேனோட பாத் கட்சியில மேல்மட்டத்துல இருந்தவங்களை எல்லாம் அரசு வேலையில இருந்து தூக்குச்சு. அதுல கொடுமைக்காரங்களும் இருந்தாங்க, வேலைக்காக கட்சியில சேந்த வாத்தியார், டாக்டர், இன்ஜினியரும் இருந்தாங்க. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அமைச்சகமும் அனுபவமுள்ள ஆள் இல்லாம திண்டாடுச்சு, அடுத்த சில நாள்லயே ராணுவத்தையும் கலைச்சாங்க, அதுக்கப்புறம் அந்த நாடு பட்ட பாடு உலகத்துக்கே தெரியும்.

என் சான்றிதழ் கதை என்னாச்சுன்னா, விலக்கு குடுக்கற அதிகாரம் யாருக்குன்னு நாலாவது தடவை கேட்டேன், அந்த அம்மாவே ஒரு துண்டு பேப்பர்ல பதவிப் பேரை எழுதி குடுத்தாங்க, அவருக்கு எழுதி சீல் வாங்கினேன், பன்னெண்டு நாள்ல வந்துடுச்சு. போன வருஷம் வேற வேலையா அங்கயே போனப்ப மானிட்டரை எட்டிப் பாத்தேன். சிவப்பு கட்டத்துக்கு பக்கத்துல இப்ப "பெயர் வேறுபாடு"ன்னு புதுசா ஒரு பட்டன் வந்திருக்கு. பரவாயில்லயே மேடம்னேன். சிரிச்சாங்க, அதை அமுக்க அவங்களுக்கு மேல ரெண்டு பேர் ஓகே பண்ணணுமாம்.