சேலத்துப் பழைய சினிமாக் கொட்டகைகளின் வரலாற்றைத் தேட

முதலில் கட்டடத்துக்கே போங்கள். திறப்பு விழாக் கல்வெட்டு பெரும்பாலும் டிக்கெட் கவுன்ட்டர் பக்கச் சுவரில் இருக்கும். சுண்ணாம்பு பூசி எழுத்து மறைந்திருந்தால் சுரண்டாதீர்கள். மாலை இருட்டியதும் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளமான எழுத்துகள் நிழலில் எழுந்து வரும். அப்படியே படம் எடுங்கள்.

அடுத்தது பெரியவர்கள், முக்கியமாகப் புரொஜெக்டர் ஓட்டிய ஆபரேட்டர்கள். புரொஜெக்டரில் வெளிச்சத்துக்கு எரியும் கார்பன் குச்சியை மாற்றி மாற்றி ஓட்டியவர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது, முதல் படம் நினைவிருக்கும். அதை வைத்து ஆண்டை முடிவுகட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். சேலத்துப் படக் கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வெளிவந்தது. அதுதான் முதல் படம் என்றால், கொட்டகை 1956-க்கு முந்தியதல்ல என்பது மட்டுமே உறுதி. டூரிங் டாக்கீஸுக்கு (ஊர் ஊராக மாறும் தற்காலிகக் கொட்டகைக்கு) படப் பிரதி வந்து சேர ஓரிரு வருடம்கூட ஆகும்.

உரிமம் கொடுத்தது கலெக்டர் ஆபீஸ். பழைய கோப்புக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கொட்டகைப் பெயரோடு கிராமம், சர்வே எண்ணையும் எழுதுங்கள், ஏனென்றால் கைமாறும்போது பெயரும் மாறியிருக்கும். தருமபுரி 1965 வரையும் நாமக்கல் 1997 வரையும் சேலம் மாவட்டம்தான். அந்த ஊர்க் கொட்டகைகளுக்கும் சேலத்தில் கேளுங்கள்.

பழைய தினசரிகளில் சினிமா விளம்பரத்தின் அடியில் வரும் ஊர்–தியேட்டர் பட்டியலையும் விடாதீர்கள். தேதி அங்கேதான் துல்லியமாகச் சிக்கும்.