இளம் வயதில் ரயில் ஓட்டப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயில் ஓட்டுவதற்கு வயது ஒரு பெரிய தடை இல்லை. இந்திய ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட், அதாவது உதவி ரயில் ஓட்டுநர் வேலைக்கு 18 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டு விதிகள் ஓட்டுநர் உரிமத்துக்கு 20 வயது கேட்கின்றன. ஆனால் ஒரு நாடு விரும்பினால், தன் எல்லைக்குள் மட்டும் ஓட்டுவதற்கு 18 வயதிலேயே உரிமம் தரலாம். இவ்வளவு சின்ன வயதில் எஞ்சினில் ஏறுகிறவர்கள் சில இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். அதில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் தவறு விண்ணப்பிக்கும் முன்பே நடந்துவிடுகிறது. கண்ணைச் சோதித்துப் பார்க்காமலே இரண்டு மூன்று வருடம் தேர்வுக்குப் படிக்கிறார்கள். இந்திய ரயில்வேயில் ஓட்டுநர் வேலைக்குக் கேட்கும் மருத்துவத் தரம் ஏ-1. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை இருக்க வேண்டும். இது தெரிந்து சிலர் லேசிக் என்ற லேசர் கண் அறுவை செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். ஆனால் லேசிக் செய்தவர்களுக்கும் இந்த வேலையில் இடமில்லை. எழுத்துத் தேர்வெல்லாம் ஜெயித்து, மருத்துவப் பரிசோதனையில் இதைக் கேள்விப்படுவது பெரிய வேதனை. ஐரோப்பாவில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாம், அந்த அளவுக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும். நிறப்பார்வையில் மட்டும் எங்கேயும் பெரிய சலுகை கிடையாது. ஸ்வீடனில் 1875-இல் இரண்டு ரயில்கள் மோதிய பிறகு, ஹோல்ம்கிரென் என்ற உடலியல் அறிஞர் நிறக்குருடு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்து, வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ரயில்வே ஊழியர்களைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். தனக்கு நிறக்குறைபாடு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. கண் மருத்துவரிடம் புள்ளிப் படங்களைப் பார்த்துச் சொல்லும் அந்தச் சோதனை சில நிமிட வேலை. படிப்பைத் தொடங்கும் முன் அதை முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, உளவியல் திறன் தேர்வை லேசாக எடுத்துக்கொள்வது. இந்தியாவில் அதில் உள்ள ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகக் குறைந்தது 42 மதிப்பெண் வேண்டும். ஒன்றில் அள்ளிக் குவித்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. கவனம், வேகம், நினைவாற்றல் இவற்றைத்தான் அது அளக்கிறது. கணக்கும் அறிவியலும் மட்டும் படித்தவர்கள் இங்கே திணறுகிறார்கள்.

அப்புறம், சேர்ந்தவுடன் எக்ஸ்பிரஸ் ஓட்டலாம் என்ற கனவு. உதவியாளராகத் தொடங்கி, ஷன்டிங் (நிலையத்திலும் யார்டிலும் பெட்டிகளை நகர்த்திச் சேர்ப்பது), சரக்கு ரயில், பயணிகள் ரயில், அதற்குப் பிறகுதான் மெயில், எக்ஸ்பிரஸ். வருடங்கள் ஆகும். சரக்கு ரயில் காலத்தைத் தண்டனையாக நினைக்காதீர்கள். நீளமான, கனமான வண்டியை ஏற்ற இறக்கத்தில் பிரேக் பிடித்து நிறுத்தப் பழகுவது அங்கேதான். இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் உரசும் இடத்தில் பிடிமானம் மிகக் குறைவு. பாரம் ஏற்றிய சரக்கு ரயில் முழு வேகத்தில் இருந்தால் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேலும் ஆகலாம். தூறல் ஆரம்பித்த முதல் சில நிமிடங்கள் நல்ல மழையைவிட வழுக்கும். அந்த உணர்வு கைக்கு வர நாளாகும்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். இருபது வயது உடம்பு ஓர் இரவு விழித்தாலும் மறுநாள் ஓடும். அதனால்தான் இளைஞர்கள் இதில் ஏமாறுகிறார்கள். ஓட்டுநரின் டியூட்டி நேரம் இன்று ஒரு மணிக்கு, நாளை வேறு மணிக்கு என்று மாறிக்கொண்டே இருக்கும். பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை எவ்வளவு பழகியவருக்கும் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் வருவது பெரும்பாலும் கொர்ரென்ற தூக்கம் அல்ல. கண் திறந்தபடியே சில நொடிகள் மூளை அணைந்துவிடும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஐந்து நொடி என்றால் கிட்டத்தட்ட 140 மீட்டர். ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க எஞ்சினில் விழிப்புக் கருவி இருக்கிறதே, அவ்வப்போது அதன் பட்டனை அழுத்தினால் போதாதா என்று கேட்பார்கள். பழகிய கை அரைத்தூக்கத்திலும் அதை அழுத்திவிடும். வேலைக்கு முன் கிடைக்கும் ஓய்வை மொபைலில் கரைப்பதும், விடுமுறை நாள் முழுக்க ஊர் சுற்றிவிட்டு நேராக இரவு டியூட்டிக்கு வருவதும்தான் நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்பவை. பகலில் தூங்கத் தெரிய வேண்டும். இருட்டு அறையும் அமைதியும் வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

மொபைலைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். 2008 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஒரு ஓட்டுநர் மெசேஜ் அனுப்பிக்கொண்டே சிவப்பு சிக்னலைத் தாண்டினார். எதிரே வந்த சரக்கு ரயிலில் மோதி 25 பேர் இறந்தார்கள். அவருடைய கடைசி மெசேஜ் போனது மோதலுக்கு 22 நொடிக்கு முன்னால். டியூட்டியில் ஏறும்போது மொபைலை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். சட்டைப் பையிலும் வேண்டாம்.

தனியாக ஓட்டத் தகுதி கிடைத்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. லண்டனில் 1999 அக்டோபரில் லேட்புரோக் குரோவ் அருகே சிவப்பு சிக்னலைத் தாண்டிய ரயிலின் ஓட்டுநர், தகுதி பெற்று 13 நாள்தான் ஆகியிருந்தது. 31 பேர் இறந்தார்கள். அவரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. அதே சிக்னலை அதற்கு முந்தைய ஆறு வருடங்களில் எட்டு முறை ரயில்கள் சிவப்பில் தாண்டியிருந்தன. அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடத்தில் இருந்தது. அவருக்குக் கிடைத்த பயிற்சியும் போதவில்லை என்று விசாரணை சொன்னது. ஆகவே பாதையைப் படிக்கும்போது வளைவு, சரிவு, கேட் இவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். கூட வரும் மூத்தவரிடம், "அண்ணா, இந்தப் பாதையில எந்த சிக்னல்ல ஆளுங்க தப்பு பண்ணியிருக்காங்க?" என்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத பதில் வரும்.

சிக்னலைக் கைகாட்டி, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவதையும் புதியவர்களிடம் பார்க்கலாம். ஜப்பானில் ஓட்டுநர்கள் தனியாக இருந்தாலும் விரலை நீட்டி உரக்கச் சொல்கிறார்கள். இந்தியாவில் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். கண், கை, வாய், காது நான்கும் ஒரே விஷயத்தில் இருக்கும்போது மனம் வேறெங்கும் போவது கடினம். உங்களுக்கு மேலே இருப்பவர் மூத்தவர் என்பதற்காக, சிக்னல் மஞ்சளாக இருந்தும் அவர் வேகத்தைக் குறைக்காதபோது வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். மரியாதையாகவே சொல்லலாம், ஆனால் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

இனி, மிக ஆபத்தானது என்று முதலில் சொன்னேனே, அது செய்த தவறை மறைப்பது. ஜப்பானில் 2005 ஏப்ரல் 25 அன்று அமகாசாகியில் தடம் புரண்ட ரயிலை ஓட்டியவருக்கு 23 வயது. ஓட்டுநராகி 11 மாதம். இதாமி நிலையத்தில் நிற்க வேண்டிய இடத்தை 72 மீட்டர் தாண்டி நிறுத்தினார். பின்னோக்கி எடுத்துச் சரிசெய்ததில் ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதம். தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி, ரயிலின் பின்பக்கம் இருக்கும் கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டார். கண்டக்டர் ரயில்களைக் கண்காணிக்கும் கண்ட்ரோல் அறைக்கு 8 மீட்டர் என்று சொன்னார். ரேடியோவில் நடந்த அந்தப் பேச்சில்தான் ஓட்டுநரின் கவனம் இருந்தது என்று விசாரணை கருதியது. 70 கிலோமீட்டர் வேகத்துக்கான வளைவில் ரயில் 116-இல் நுழைந்து, பக்கத்தில் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. அவரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். முந்தைய வருடம் இதே மாதிரி ஒரு தவறுக்காக, அவமானப்படுத்தும் 13 நாள் மறுபயிற்சியை அவர் அனுபவித்திருந்தார். 72 மீட்டர் தாண்டியதில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உயிர்களைக் குடித்தது அதற்குப் பிறகு வந்த பயம்.

தண்டனை கடுமையாக இருக்கும் இடத்தில் அந்தப் பயம் இயல்பானது, எனக்கும் புரிகிறது. ஆனால் இன்றைய எஞ்சின்களில் வேகமும் பிரேக்கும் பதிவாகிக்கொண்டே இருக்கின்றன. மறைத்து எதுவும் மிஞ்சாது. தவறு நடந்தால் வண்டியை முதலில் நிறுத்துங்கள். கண்ட்ரோலிடம் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். கை நடுங்கினால், "என்னால் இப்போது ஓட்ட முடியாது, மாற்று ஆள் வேண்டும்" என்று கேளுங்கள். யாராவது தண்டவாளத்தில் வந்து விழுந்தால் உங்கள் மேல் தவறே இருக்காது, அந்த நாளிலும் இதையே கேளுங்கள். வேறு ஒருவர் வரும்வரை பயணிகள் காத்திருப்பார்கள்.