வீட்டுத் தொலைபேசி வயரை நீங்களே சரிசெய்யலாம்: முதல்முறை செய்பவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகள் நீளவாக்கில் ஓடும். தார்சாவில் ஒரு ஃபோன், ரெண்டாங்கட்டில் ஆச்சிக்கு இன்னொன்று, நடுவில் பட்டாசலைத் தாண்டி நிலைக்கு மேலே ஆணியடித்து இழுத்த வயர். செல்ஃபோன் பழகாத பெரியவர்களுக்கு இன்றும் அந்த ஃபோன்தான் துணை. அது கொரகொரத்தால் இணைப்பையே ஒப்படைத்துவிட வேண்டாம். எடுத்த எடுப்பில் வயரை முழுக்க உருவவும் வேண்டாம். பெரும்பாலும் பழுது இருப்பது ஜாயிண்டில்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், தென்காசிப் பக்கத்துச் சாரலிலும், உவரி, திருச்செந்தூர் உப்புக் காற்றிலும் அங்கேதான் செம்பு பச்சை பூக்கும்.

தேவையானவை: சின்ன ஸ்க்ரூ டிரைவர், வயர் வெட்டும் கட்டர், வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர், கூடவே பேசுகிற நிலையில் உள்ள ஒரு ஃபோன். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், இருட்டில் தேடுவதாகிவிடும்.

முதலில் பாதுகாப்பு. லைனில் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவுக்கு ஏசி வரும். அந்த நேரத்தில் வயரைத் தொட்டால் சுரீரென்று அடிக்கும். கை ஈரமில்லாமல் இருக்கட்டும். இடி மின்னல் நேரத்தில் தொடவே கூடாது. கம்பத்து வேலை லைன்மேனுடையது, அதில் ஏறாதீர்கள்.

1. பழுது வெளியிலா, உள்ளேயா?

தெருக் கம்பத்திலிருந்து வரும் வயர் வந்து சேரும் முதல் ரோசெட் பெட்டியைத் திறங்கள். இரண்டு திருகுகளில் வெளி வயர் பிடித்திருக்கும். வீட்டுக்குள் போகும் வயரும் அதே திருகுகளில்தான் இருக்கும். உள் வயரை மட்டும் கழற்றிவிட்டு மீட்டரை டிசி 200-ல் வைத்து இரண்டு திருகுகளையும் தொடுங்கள்.

48-ஐ ஒட்டி வந்தால், பேசும் ஃபோனை அந்தப் பெட்டியிலேயே சொருகிக் கேளுங்கள். டயல் டோன் தெளிவாக இருந்தால் பழுது வீட்டுக்குள்தான். மீட்டர் பூச்சியம் காட்டினாலோ, இங்கேயே கொரகொரத்தாலோ வெளி லைன் பழுது; புகார் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள், உள்ளே எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

உள் வயர் மாட்டியிருக்கும்போது பத்து வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, கழற்றியதும் 48-க்கு ஏறுகிறதா? உள்ளே எங்கோ இரண்டு கம்பியும் உரசுகிறது. அதற்கு முன் ஆச்சி ரிசீவரைச் சரியாக வைத்திருக்கிறார்களா என்று ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். ரிசீவர் எடுத்திருந்தாலும் இதே அளவுதான் காட்டும்.

2. உள் வயரைச் சோதித்தல்

இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். மீட்டரை ஓமில் வைத்து ஒரு முனையின் இரண்டு கம்பிகளையும் தொட்டால் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே உரசல். பிறகு மறுமுனைக் கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிட்டு அளந்தால், இருபது மீட்டர் வயருக்கு ஐந்து ஓமுக்குள் வர வேண்டும். நிற்காமல் ஏறி இறங்கினால் நடுவில் கெட்ட ஜாயிண்ட் இருக்கிறது. டேப் சுற்றிய இடங்களைப் பிரித்துப் பாருங்கள்.

3. புது வயர் இழுத்தல்

அரை மில்லிமீட்டர் ஒற்றைச் செம்புக் கம்பி, இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கியதாக வாங்குங்கள். ஸ்பீக்கர் வயர் வேண்டாம். அதில் நீளம் கூடினால் இரைச்சல் வரும். கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிளில் நீலமும் நீலக்கோடு போட்ட வெள்ளையும் ஒரு ஜோடி, அதுவும் அருமையாக வேலை செய்யும். கரண்ட் வயரோடு ஒரே குழாயில் போடாதீர்கள், ஒரு அடியாவது தள்ளிப் போங்கள். நடுவில் ஜாயிண்டே இல்லாமல் முழு நீளமாக இழுங்கள். கொஞ்சம் வயர் வீணானாலும் பரவாயில்லை.

4. முனையைப் பிடித்தல்

இதை அவசரமாகச் செய்பவர்களுக்குத்தான் அடுத்த மழையில் மறுபடி வேலை வரும். தோலை ஒரு சென்டிமீட்டர் உரியுங்கள். கம்பியில் கட்டர் பட்டு வெட்டு விழுந்தால் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக உரியுங்கள்; வெட்டு விழுந்த இடம் பிறகு ஒடியும். பளபளக்கும் செம்பைத் திருகைச் சுற்றி, திருகு முடுக்கும் திசையிலேயே வளையுங்கள். அப்போதுதான் முடுக்க முடுக்கக் கம்பி உள்ளே இழுபடும்; எதிர்த்திசையில் வளைத்தால் வெளியே பிதுங்கும். தோல் திருகுக்கு அடியில் மாட்டக் கூடாது. எந்தக் கம்பி எந்தத் திருகு என்பது பெரும்பாலான ஃபோன்களுக்குப் பொருட்டில்லை. இரண்டாவது ஃபோனுக்கும் அதே இரண்டு திருகுகளிலிருந்தே வயரை எடுங்கள்.

பெட்டியைத் தரையை ஒட்டி வைக்காமல் மூன்றடி உயரத்தில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். தண்ணீரில் மூழ்கிய பெட்டியைக் காயவைத்து மாட்டாதீர்கள், புதிதே மாட்டுங்கள்.

முடிந்ததும் செல்லிலிருந்து 0462 சேர்த்து, அல்லது உங்கள் ஊர்க் குறியீட்டைச் சேர்த்து, வீட்டு எண்ணுக்கு அடியுங்கள். எல்லா ஃபோனிலும் மணி கேட்க வேண்டும்.

5. ஃபைபருக்கு மாறியவர்களுக்கு

ஃபைபர் மோடத்தின் ஃபோன் துளையிலிருந்து பழைய உள் வயருக்கு இணைப்புக் கொடுத்தால் ரெண்டாங்கட்டு ஃபோனும் பேசும். ஆனால் தெருவிலிருந்து வரும் செம்பு வயரை முதல் பெட்டியிலேயே கழற்றி, நுனிகளைத் தனித்தனியாக டேப் சுற்றிய பிறகே மோடத்தை இணையுங்கள். அந்த வயரில் 48 வோல்ட் இன்னும் உயிரோடு இருந்தால் மோடம் பழுதாகலாம்.