கிழக்கு ஐரோப்பாவில் ஊழல் ஒழிப்பைக் கண்காணிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கம்யூனிச ஆட்சி விழுந்த நாடுகளில் ஊழல் ஒழிப்புச் சட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவும் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கவும் அது நிபந்தனையாக இருந்தது. நாடாளுமன்றங்களும் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டன. அந்தச் சட்டங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதில்தான் தவறுகள் நடக்கின்றன.

பெரிய தவறு, சட்டம் வந்தாச்சு, அமைப்பு வந்தாச்சு என்று டிக் போட்டுவிட்டு அடுத்த நாட்டுக்குப் போவது. உக்ரைனைப் பாருங்கள். 2013-14-இல் அரசுக்கு எதிராக நடந்த மைதான் போராட்டத்துக்குப் பிறகு ‘நாபு’ என்ற ஊழல் புலனாய்வு அமைப்பு உருவானது. 2016-இல் அதிகாரிகளும் எம்.பி.க்களும் சொத்துக் கணக்கை இணையத்தில் காட்ட வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கான டாலர் ரொக்கம், விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள், ஒருவரிடம் விண்வெளிப் பயண டிக்கெட்! மக்கள் வாயடைத்துப் போனார்கள். சரி, அந்தக் கணக்கு உண்மையா, பணம் எங்கிருந்து வந்தது என்று யார் சரிபார்த்தார்கள்? அந்த வேலை நத்தை வேகத்தில்தான் நடந்தது. நாபு பிடித்த வழக்குகளோ சாதாரண நீதிமன்றங்களில் கிடந்து தூங்கின. ஊழலுக்கென்று தனி உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில்தான் வேலையைத் தொடங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் வருமானத்துக்கு மீறிய சொத்துக் குற்றப்பிரிவையே ரத்து செய்ய, நாபுவின் 65 வழக்குகள் அடிபட்டன. 2020 அக்டோபரில் சொத்துக் கணக்கு விதிகளின் முக்கியப் பகுதிகளும் போயின. பிறகு திரும்ப இயற்ற வேண்டியிருந்தது. ஆகவே ஒரே ஒரு வழக்கையாவது புகாரிலிருந்து தீர்ப்பு வரை, பறிமுதலான பணம் கஜானாவுக்கு வந்ததா என்பது வரை பின்தொடருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

அடுத்தது, டிரான்ஸ்பரன்ஸி இன்டர்நேஷனல் என்ற தன்னார்வ அமைப்பு நாடுகளுக்கு மதிப்பெண் போட்டு வெளியிடும் ஊழல் குறியீட்டை மட்டும் நம்புவது. அது வல்லுநர்களும் தொழில்துறையினரும் ஊழலை எப்படி உணர்கிறார்கள் என்று சொல்வது. கணக்கிடும் முறை 2012-இல் மாறியதால், அதற்கு முந்தைய மதிப்பெண்ணோடு ஒப்பிடவே கூடாது. நடவடிக்கை நன்றாக நடந்து அமைச்சர்கள் கைதாகிக்கொண்டே இருந்தால், நாட்டில் ஊழல் கூடிவிட்டது என்றும் பலருக்குத் தோன்றும்.

குற்றப்பத்திரிகைகளை எண்ணுவதும் போதாது. ருமேனியாவின் ஊழல் தடுப்பு வழக்குத் துறை 2015-இல் பதவியில் இருந்த பிரதமர் விக்டர் போன்டா மீதே குற்றம் சாட்டியது, உலகம் கைதட்டியது. 2018-இல் அவர் விடுதலையானார். அத்துறையின் தலைவர் லௌரா கோவேசி அதே ஆண்டு பதவி நீக்கப்பட்டார். அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020-இல் சொன்னது. தலைவரை நியமிப்பது யார், நீக்குவது யார் என்ற கேள்விக்கு அறிக்கையில் முதல் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்பேன்.

அப்புறம், வருடத்துக்கு ஒரு அறிக்கை போட்டு ஓய்வது. பின்வாங்கல் ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிடும். 2017 ஜனவரி 31 இரவு ருமேனிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: அதிகார துஷ்பிரயோகத்தால் வந்த நஷ்டம் 2 லட்சம் லேய்க்குக் (ருமேனிய நாணயம்) கீழே இருந்தால் குற்றமில்லையாம். லட்சக்கணக்கானோர் குளிரில் தெருவுக்கு வந்த பிறகே வாபஸ் ஆனது. உக்ரைனில் 2025 ஜூலை 22 அன்று, போர்க்காலத்தில் காணாமல் போனவர்கள் தொடர்பான மசோதாவுக்குள் சில திருத்தங்களைச் செருகி, நாபுவின் சுதந்திரத்தைப் பறித்தார்கள். அன்றே அதிபரின் கையெழுத்தும் விழுந்தது. போராட்டமும் ஐரோப்பிய அழுத்தமும் சேர்ந்து, 31-ஆம் தேதி அதை மீட்டன. தலைப்பில் ‘ஊழல்’ என்ற சொல்லே இல்லாத மசோதாக்களையும் வரி வரியாகப் படிக்க ஒரு ஆள் வேண்டும். நாடாளுமன்றத்தில் இறுதி ஓட்டெடுப்பு நடக்கும் இரண்டாம் வாசிப்புக்கு முன் நுழையும் திருத்தங்களை அவர் குறிப்பாகப் பார்க்க வேண்டும்.