டி.என்.ஏ சேத ஆய்வில் தடுப்பான்கள்: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு செய்முறை

"ஏ.டி.எம் தடுப்பான் போட்டேன், செல்கள் செத்துவிட்டன. ஆகவே இந்தச் செல்கள் பிழைக்க ஏ.டி.எம் வேண்டும்." (ஏ.டி.எம் என்பது டி.என்.ஏ சேதத்தைக் கண்டு விழித்துக்கொள்ளும் ஒரு புரதம்; தடுப்பான் என்பது அதன் வேலையை அடக்கும் மருந்து.) ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இப்படி ஒரு முடிவோடு வரும்போது நான் கேட்பது ஒன்றுதான்: ஏ.டி.எம் உண்மையிலேயே அடங்கியதா என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். மருந்தை ஊற்றுவது ஐந்து நிமிட வேலை. அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததா, அங்கே மட்டும்தான் சேர்ந்ததா என்று காட்டுவதுதான் பரிசோதனை.

டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளும் அறுந்தால் ஏ.டி.எம், டி.என்.ஏ-பி.கே ஆகிய இரண்டு கைனேஸ்கள், அதாவது பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகள், விழித்துக்கொள்கின்றன. டி.என்.ஏ நகலெடுப்பு தடுமாறி ஒற்றை இழை வெளியே தெரிந்தால் ஏ.டி.ஆர் விழிக்கிறது. மூன்றும் ஒரே குடும்பம். அந்தப் பாஸ்பேட்டைத் தரும் ஏ.டி.பி மூலக்கூறு வந்து அமரும் குழி மூன்றிலும் ஏறத்தாழ ஒரே வார்ப்பு. நாம் பயன்படுத்தும் தடுப்பான்கள் பெரும்பாலும் அந்தக் குழிக்குள்தான் நுழைகின்றன.

படி 1: மருந்தைத் தேர்ந்தெடுத்தல்

முன்பு கஃபீன்தான் கைகொடுத்தது. மில்லிமோலார் அளவில் போட வேண்டும். சோதனைக் குழாயில் அது ஏ.டி.எம், ஏ.டி.ஆர் இரண்டையும் தடுக்கிறது, எனவே எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்று ஏ.டி.எம்முக்கு கே.யு-55933, ஏ.டி.ஆருக்கு வி.இ-821, டி.என்.ஏ-பி.கேவுக்கு என்.யு-7441 என்று தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கைனேஸுக்கும் வேதி அமைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு தடுப்பான்களை வாங்கிவிடுங்கள். இரண்டும் ஒரே விளைவைத் தந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

படி 2: கரைசல் தயாரித்தல்

கே.யு-55933-இன் மூலக்கூறு எடை 395.5. 5 மில்லிகிராமை 1.264 மில்லிலிட்டர் டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் மூலக் கரைசல் கிடைக்கும். சிறு சிறு குழாய்களில் பிரித்து உறையவைத்து, ஒவ்வொரு முறையும் புதிய குழாயை எடுங்கள். கையுறை கட்டாயம்: டி.எம்.எஸ்.ஓ தோலுக்குள் எளிதில் ஊடுருவும், கரைந்திருப்பதையும் கூடவே இழுத்துச் செல்லும். இன்னொன்று, டி.என்.ஏ-வைச் சேதப்படுத்தும் பிளாட்டின மருந்தான சிஸ்பிளாட்டினை மட்டும் டி.எம்.எஸ்.ஓவில் கரைக்காதீர்கள். டி.எம்.எஸ்.ஓ அந்தப் பிளாட்டினத்தோடு வினைபுரிந்து மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

2 மில்லிலிட்டர் வளர்ப்பு ஊடகத்தில் 2 மைக்ரோலிட்டர் மூலக் கரைசல் போட்டால் 10 மைக்ரோமோலார். டி.எம்.எஸ்.ஓ 0.1 சதவீதம்தான் இருக்கும், செல்கள் தாங்கும். ஊடகத்தை முன்பே வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த ஊடகத்தில் நேராகச் சொட்டவிட்டு, நுண்ணோக்கியில் ஊசி ஊசியாகப் படிகங்களைப் பார்த்து ஒரு வாரத்துச் செல்களை நான் வீணடித்திருக்கிறேன்.

படி 3: அளவைக் கண்டுபிடித்தல்

கே.யு-55933 சோதனைக் குழாயில் 13 நானோமோலாரிலேயே ஏ.டி.எம்மின் வேலையைப் பாதியாகக் குறைக்கிறது. அப்படியிருக்க செல்லுக்கு ஏன் 10 மைக்ரோமோலார்? செல்லுக்குள் ஏ.டி.பி மில்லிமோலார் கணக்கில் நிரம்பிக் கிடக்கிறது, அதே குழிக்கு அதுவும் போட்டி போடுகிறது. போதாததற்கு ஊடகத்தின் சீரம் புரதங்களும் மருந்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே யாரோ கட்டுரையில் எழுதிய அளவை அப்படியே எடுக்காமல் 1, 3, 10 மைக்ரோமோலார் என்று உங்கள் செல்லிலேயே போட்டுப் பாருங்கள். இலக்கு அடங்குகிற மிகக் குறைந்த அளவுதான் உங்கள் அளவு. அதற்கு மேல் கூட்டினால் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

படி 4: நான்கு கிண்ணங்கள்

டி.எம்.எஸ்.ஓ மட்டும், தடுப்பான் மட்டும், டி.எம்.எஸ்.ஓவும் சேதமும், தடுப்பானும் சேதமும். இந்த நான்கில் எதையும் விட்டுவிடாதீர்கள். வழக்கமாக விடுபடுவது இரண்டாவது. அது ஏன் கூடாது என்பது கீழே வரும்.

சேதம் தருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தடுப்பானைப் போடுங்கள். பிறகு, இரண்டு இழைகளையும் அறுக்கச் செய்யும் எட்டோபோசைடு என்ற மருந்து 10 மைக்ரோமோலார், ஒரு மணி நேரம். கதிர்வீச்சுக் கருவி இருந்தால் 5 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கொடுத்து அரை மணி நேரத்தில் செல்களை எடுங்கள். ஏ.டி.ஆரைப் பார்க்க இவை பொருந்தாது. ஹைட்ராக்ஸியூரியா 2 மில்லிமோலார், இரண்டு மணி நேரம். அது நியூக்ளியோடைடு இருப்பை வற்றச் செய்து நகலெடுப்பை நிறுத்தும். சேதம் தரும்போதும் தடுப்பான் ஊடகத்திலேயே இருக்கட்டும். கே.யு-55933-ஐக் கழுவிவிட்டால் ஏ.டி.எம் சீக்கிரமே மீண்டுவிடும்.

படி 5: எதைப் பார்ப்பது

எல்லோரும் முதலில் நாடுவது காமா-எச்2ஏ.எக்ஸ். 1998-இல் அடையாளம் காணப்பட்டது. டி.என்.ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒன்றான எச்2ஏ.எக்ஸின் 139-வது இடத்திலுள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறிய வடிவம் அது. சேதத்தைக் காட்ட அருமையான குறி. ஆனால் தடுப்பான் வேலை செய்ததா என்று காட்ட அது நல்ல குறி அல்ல, இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கதிர்வீச்சுக்குப் பின் அந்தப் பாஸ்பேட்டை ஏ.டி.எம்மும் ஏற்றும், டி.என்.ஏ-பி.கேவும் ஏற்றும். ஏ.டி.எம்மை முழுதாக அடக்கினாலும் காமா-எச்2ஏ.எக்ஸ் அசையாமல் நிற்கலாம். மருந்து கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ஏ.டி.எம்முக்கு கேப்1 புரதத்தின் 824-வது செரீனிலும் சி.எச்.கே2 புரதத்தின் 68-வது த்ரியோனினிலும் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏ.டி.ஆருக்கு சி.எச்.கே1-இன் 345-வது செரீன். டி.என்.ஏ-பி.கேவுக்கு அதன் சொந்த 2056-வது செரீன். ஏ.டி.எம்மின் 1981-வது செரீனையும் பார்க்கலாம்தான், ஆனால் அது 350 கிலோடால்டன் புரதம். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், முதல் முறையே அதைச் சவ்வுக்குச் சரியாக மாற்றியெடுப்பது சிரமம். செல்களை உடைக்கும் கரைசலில் பாஸ்படேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) தடுப்பான்களைச் சேர்க்க மறந்தால் எல்லாப் பட்டையும் மங்கிவிடும், உங்கள் மருந்து பிரமாதமாக வேலை செய்ததுபோல் தோன்றும். அதற்காகவே டி.எம்.எஸ்.ஓவும் சேதமும் உள்ள கிண்ணத்தில் பட்டை பளிச்சென்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாஸ்பேட் ஏறியது, ஏறாதது என்று பாராமல் மொத்தப் புரதத்தையும் கூடவே ஓட்டுங்கள்.

இப்போது அந்த இரண்டாவது கிண்ணம். ஏ.டி.ஆர் தடுப்பானைத் தனியாகப் போட்டாலே, நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல்களில் காமா-எச்2ஏ.எக்ஸ் ஏறும். நகலெடுப்பு தொடங்கும் இடங்களைக் கட்டுக்குள் வைப்பது ஏ.டி.ஆர்தான். அது அடங்கியதும் கட்டுப்பாடின்றி நகலெடுப்பு தொடங்கி, நகலெடுப்புக்காக இழைகள் பிரியும் கவைகள் முறிந்து, புதிய சேதம் உண்டாகிறது. அந்தக் கிண்ணம் இல்லையென்றால் மருந்து உண்டாக்கிய சேதத்தை ஹைட்ராக்ஸியூரியாவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

படி 6: முடிவைச் சந்தேகித்தல்

ஏ.டி.எம் இல்லாத செல்வரிசை ஒன்றில் அதே மருந்தை அதே அளவில் போடுங்கள். அங்கும் அதே விளைவு வந்தால் அது ஏ.டி.எம் வழியாக வந்ததல்ல. டி.என்.ஏ-பி.கேவுக்கு எம்.ஓ59ஜே, எம்.ஓ59கே என்ற செல்வரிசை இணை கிடைக்கிறது; முதலாவதில் அந்தக் கைனேஸின் முக்கியப் பகுதி இல்லை, இரண்டாவதில் இருக்கிறது.

ஆனால் மரபணுவை நீக்கிய செல்லும் தடுப்பான் போட்ட செல்லும் ஒன்றல்ல. ஏ.டி.எம் அறவே இல்லாத எலி பிறந்து வளர்கிறது. ஏ.டி.எம் புரதம் இருந்தும் அதன் கைனேஸ் வேலை மட்டும் செத்த எலியோ கருவிலேயே இறந்துவிடுகிறது. 2012-இல் இது வெளிவந்தது. செயலிழந்த புரதம் அறுந்த இடத்தில் வழியை மறித்துக்கொண்டு நிற்பது, அது இல்லாமலே போவதைவிடக் கேடு. ஓலபாரிப் போன்ற பார்ப் தடுப்பான்களும், டி.என்.ஏ-வைப் பழுதுபார்க்க உதவும் பார்ப் புரதத்தை டி.என்.ஏ மேலேயே சிக்கவைக்கின்றன. அவை செல்லைக் கொல்வதில் பெரும்பங்கு அப்படிச் சிக்கவைப்பதற்குத்தான். ஆகவே மரபணு நீக்கம், தடுப்பான் ஆகிய இரண்டு வழிகளும் வெவ்வேறு விடை தந்தால் ஒன்றைத் தவறென்று ஒதுக்க வேண்டாம். தடுப்பான் போட்ட செல்லில் அந்தப் புரதம் குரோமாட்டினில் (டி.என்.ஏ-வும் அதோடு சேர்ந்த புரதங்களும்) ஒட்டி நிற்கிறதா என்று அடுத்த வெஸ்டர்னில் பாருங்கள்.